குளியலறைச் சுவரிலிருந்து பதினான்கு கிலோமீட்டர்

அன்பிலும் அஸ்திவாரத்திலும் அசையாத மைத்துனர் அவர்களுக்கு,

இங்கே நான் சுகம். வீட்டின் முன்பக்கமும் சுகம். பின்பக்கத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அங்கே நீங்களும் உங்கள் இல்லத்தரசியாரும் பிள்ளைகளும், நாற்பத்தேழு நாட்களாக உங்கள் விருந்தாளியாக இருக்கும் என் மனைவியும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் அனுப்பிய செய்தி கிடைத்தது. "அத்தான், அக்காகிட்ட என்ன சண்டை? கேட்டா சுவத்தையே பாக்கறா" என்று எழுதியிருந்தீர்கள். சண்டை எதுவும் இல்லை. அவர் சுவரைப் பார்க்கிறார் என்பதிலேயே முழு விளக்கமும் இருக்கிறது. இதைத் தொலைபேசியில் சொல்லலாம்தான். ஆனால் நான் பேசத் தொடங்கினால் வெளியே துளையிடும் இயந்திரமும் பேசத் தொடங்குகிறது, அதன் குரல் என்னுடையதைவிடப் பெரியது. தவிர, முப்பத்திரண்டு ஆண்டுகள் அச்சகத்தில் பிழை திருத்திய எனக்கு, எதையும் தாளில் வைத்துப் பார்த்தால்தான் யார் பக்கம் பிழை என்று தெரியும். இந்த விஷயத்தில் அது தெரியாமல் இருந்தாலே நல்லது என்று சில சமயம் தோன்றுகிறது.

நான் இந்த வீட்டை வாங்கியபோதே நீங்கள் சொன்னீர்கள். "அத்தான், இது களிமண் பூமி. இன்னிக்கு இல்லேன்னா நாளைக்கு உக்காந்துடும். எங்க வீட்டைப் பாருங்க, பாறை மேல நிக்குது. கடப்பாரையப் போட்டா கடப்பாரைதான் வளையும்" என்றீர்கள். அதன் பிறகு நாம் சந்தித்த ஒவ்வொரு முறையும், என் மகள் கல்யாணப் பந்தியில் எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தபோதும், மறக்காமல் சொல்லியிருக்கிறீர்கள். நானும் மறக்கவில்லை.

பதினெட்டு மாதங்களுக்கு முன்னால் ஒரு காலையில் நான்கு பேர் பின்சந்து வழியாக வந்தார்கள். சுரங்க ரயில் பாதைக்கு அளவெடுக்க வந்தவர்கள். ஒருவர் கையில் மூன்று கால் கருவி, ஒருவர் கையில் கோடு போட்ட நீளக் கம்பு, ஒருவர் கையில் நோட்டு, நான்காமவர் கையில் குடை. குடை கருவிக்கு. மனிதர்கள் வெயிலில் நின்றார்கள். கருவி நாள் வாடகைக்கு எடுத்தது என்பதால் அதற்கு மட்டும் நிழல். நம் குளியலறை வீட்டை ஒட்டாமல் பின்முற்றத்தின் ஓரத்தில் தனியாக நிற்பது உங்களுக்குத் தெரியும். அதன் சந்துப் பக்கச் சுவரை நோட்டுக்காரர் விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். சத்தம் அவருக்குப் பிடித்திருந்தது.

"இந்தச் செவுரு போதும்மா" என்றார்.

"எதுக்குப் போதும்?" என்றார் உங்கள் அக்கா, கையில் வாளியோடு.

"ஒரு பித்தளை ஆணி அடிச்சுக்கறோம். இதுதான் பூஜ்யம். பாதை எவ்வளவு ஆழம், நிலையம் எவ்வளவு உயரம், எல்லாத்தையும் இதுலேர்ந்துதான் அளப்போம்."

"பதினாலு கிலோமீட்டரும்?"

"பதினாலும்."

"நீதிமன்றம், தபால் நிலையம்னு பெரிய கட்டடமெல்லாம் இருக்கே, அதுல அடிக்கக் கூடாதா?" என்று நான் கேட்டேன்.

"அதுக்கெல்லாம் பன்னெண்டு துறை கையெழுத்து வேணும் சார். இங்க அம்மா ஒருத்தங்க போட்டாப் போதும்."

அம்மா போட்டார். அந்த வாரம் நம் உறவில் பித்தளை ஆணியைப் பற்றிக் கேள்விப்படாதவர் ஒருவரும் இல்லை. உங்களிடம் அவர் சொன்னபோது, "களிமண்ணு மேலயா அக்கா அடிச்சாங்க?" என்று கேட்டீர்கள். நான்கு நாட்கள் அவர் உங்களோடு பேசவில்லை. அப்போது நான் அவரைச் சமாதானப்படுத்தி உங்களோடு பேச வைத்தேன் என்பதை இந்த இடத்தில் நினைவூட்டக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பிறகு தெருமுனையில் நிலையத்துக்காகக் குழி தோண்டினார்கள், குழி தோண்டிய பிறகு நம் குளியலறையில் முதலில் இறங்கியது சோப்பு, அது வைத்த இடத்தில் இருக்காமல் தானாக நகர்ந்து கீழே விழுந்தது, அடுத்து தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் வாசலுக்கு வந்தது, பிறகு நான் முகம் மழிக்கும் கண்ணாடியில் என் தலைமுடி மறைந்தது, முடி அதிகம் இல்லாததால் அதை நான் இழப்பாகக் கருதவில்லை, ஆனால் அடுத்த மாதம் நெற்றியும் மறைந்தபோது அளவுகோலை எடுத்துப் பார்த்தேன், சந்துப் பக்கச் சுவர் சரியாக நான்கு அங்குலம் இறங்கியிருந்தது. அது இறங்கிய வேகத்தில் நிலைச்சட்டம் கோணலாகி, கதவு பாதி திறந்த நிலையில் இறுகிக்கொண்டது. திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது. பெரிய திட்டங்களுக்கு இந்த நிலை பழக்கமானது; குளியலறைக்குப் புதிது. திரை கட்டலாம் என்றால் அந்தச் சுவரில் நாங்கள் வேறு ஆணி அடிக்கக் கூடாது என்று உங்கள் அக்கா கையெழுத்துப் போட்ட தாளிலேயே இருக்கிறது. கயிறு கட்டிப் போர்வையைப் போட்டோம். சுரங்கத்துக்குள் காற்றைத் தள்ளும் பெரிய விசிறி ஒன்று அதை எடுத்துப் போய் மூன்று வீடு தள்ளிப் போட்டது.

இதில் இன்னொரு சிக்கல். கதவின் திறந்த பக்கத்துக்கு நேர் எதிரே குழியின் கிரேன். கிரேனின் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. கூண்டில் கிரேன் ஓட்டுபவர். அவரைப் போன்ற பண்பான மனிதரை நான் பார்த்ததில்லை. உங்கள் அக்கா வாளியோடு முற்றத்தில் இறங்கியதும் மரியாதையாகத் திரும்பிக்கொள்வார். ஆனால் கூண்டுக்குள் இருப்பவர் திரும்பினால் கூண்டு திரும்பும், கூண்டு திரும்பினால் கிரேன் திரும்பும், கிரேன் திரும்பினால் அதில் தொங்கும் இரும்புச் சட்டம் ஊரைச் சுற்றிக்கொண்டு போகும், கீழே நாற்பது பேர் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். நான் ஒருநாள் அவரைக் கீழே சந்தித்து, "தலையை மட்டும் திருப்பிக்கலாமே தம்பி" என்றேன்.

"பக்கக் கண்ணாடில தெரியுது சார். முழுசாத் திரும்பினாத்தான் மரியாதை" என்றார்.

ஆக, உங்கள் அக்கா குளிக்கும் நேரமெல்லாம் பதினான்கு கிலோமீட்டர் திட்டத்தின் மையக் குழியில் வேலை நின்றது. இது அப்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

புகார் கொடுக்கத் திட்ட அலுவலகத்துக்குப் போனேன். ஆறாவது மாடி, நூற்றுப்பத்து நாற்காலிகள். முன்பு அவற்றில் நூற்றுப்பத்து பொறியாளர்கள் சம்பளத்துக்கு இருந்தார்களாம். செலவைக் குறைக்க எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். அனுப்பப்பட்டவர்கள் படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கி, தரைத்தளத்தில் இருக்கும் ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்து, லிஃப்ட் வழியாக மேலே ஏறி, அதே நாற்காலிகளில் உட்கார்ந்து, மூன்று மடங்கு வாங்குகிறார்கள். நாற்காலியின் வாடகை தனி. அனுப்பப்பட்ட அன்று ஒரே ஒரு பொறியாளர் விடுப்பில் இருந்தார். அதனால் அவரை அனுப்ப மறந்துவிட்டார்கள். அலுவலகத்தில் அவரை 'மிச்சம்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆலோசகர்களை நியமிப்பதும், அவர்கள் எழுதியதைச் சரிபார்க்க வேறு ஆலோசகர்களை நியமிப்பதும் அவருடைய வேலை. பொறியியல் படித்ததெல்லாம் மறந்து வருகிறது என்று அவரே வருத்தத்தோடு சொன்னார்.

"எங்க வீட்டுக் குளியலறைச் சுவர் நாலு அங்குலம் இறங்கிடுச்சு சார்."

"எந்தச் சுவர்?"

"நீங்க ஆணி அடிச்ச சுவர்."

மிச்சம் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அந்தக் கதவு சாத்திய அழகைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது இறங்காது சார்."

"நான் தினமும் பாக்கறேன்."

"நீங்க பாக்கறீங்க. நாங்க அளக்கறோம். எதுலேர்ந்து அளக்கறோம்? அதுலேர்ந்துதான். போன மாசம் அதோட உயரம் பூஜ்யம். இந்த மாசமும் பூஜ்யம். பூஜ்யம் எப்படி சார் இறங்கும்?"

"அப்ப எங்க கதவு ஏன் சாத்த மாட்டேங்குது?"

"உங்க வீடு ஏறியிருக்கு."

ஒரு வரைபடத்தை விரித்துக் காட்டினார். தபால் நிலையம் நான்கு அங்குலம் ஏறியிருந்தது. நீதிமன்றம் நான்கு. பேருந்து நிலையம் நான்கு. நூலகம் மட்டும் மூன்றே முக்கால். புத்தகக் கனம் என்றார். "ஊரே ஏறியிருக்கு சார், உங்க குளியலறை ஒண்ணைத் தவிர."

"ஊர் எதுக்கு ஏறணும்?"

"அதைக் கண்டுபிடிக்க ஒரு ஆலோசகரைப் போட்டிருக்கோம். ஏறினது உண்மைதான்னு இடைக்கால அறிக்கை கொடுத்துட்டாரு. காரணம் இறுதி அறிக்கைல வரும்."

ஊர் ஏறிவிட்டதால் தரையிலிருந்து சுரங்கத்துக்கு நான்கு அங்குலம் கூடுதலாகத் தோண்ட வேண்டும், பதினான்கு கிலோமீட்டருக்கும். காண்ட்ராக்டர் குறைந்த விலை கேட்டுத்தான் இந்த வேலையை எடுத்தார். அந்த விலையில் இருந்த சந்தோஷம் அந்த நான்கு அங்குலத்தில் அவரைத் தவிர அனைவருக்கும் போய்விட்டது. 'ஊர் உயர்வு காரணமான கூடுதல் பணி' என்று அதற்குத் தனி ஆணை. அந்தத் தொகையை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் பூஜ்யங்களைப் பார்த்து நான் மிகைப்படுத்துவதாக நினைப்பீர்கள்.

சுவர் இறங்கவில்லை என்றாலும் கதவு மூடவில்லை என்பதை மிச்சம் மறுக்கவில்லை, நியாயமான மனிதர். கதவுக்காக ஒரு சின்ன டெண்டர் விடலாம் என்றார். நம் கொத்தனார் ஏற்கெனவே வந்து பார்த்து, இரண்டு நாள் வேலை, மூன்று மூட்டை சிமெண்ட், சுவருக்கு அடியில் முட்டுக் கொடுத்து நாலு அங்குலம் தூக்கிவிட்டால் போதும் என்று சொன்னதை நானும் சொன்னேன். கொத்தனாருக்கு முன் அனுபவம் இருக்கிறதா என்று கேட்டார். நாற்பது ஆண்டுகள் என்றேன். அதுவல்ல, கடந்த ஐந்து ஆண்டுகளில் சுரங்கக் குழியின் ஓரத்தில் குறைந்தது மூன்று குளியலறைகளைச் சீரமைத்திருக்க வேண்டும் என்பது தகுதி விதி. அப்படி ஊரில் யார் இருக்க முடியும்? யார் தோண்டிய குழியின் ஓரத்தில் குளியலறைகள் சரிந்தனவோ அவர்தான். குழி காண்ட்ராக்டர் ஒருவரே விண்ணப்பித்தார்.

"ஒரே ஒருத்தர்னா போட்டியே இல்லையே சார்" என்றேன்.

"யாரு சொன்னது? அவரு மூணு விலை கொடுத்திருக்காரு. நடுவுல இருந்ததை எடுத்துக்கிட்டோம்."

கொத்தனார் சொன்ன தொகையை நான் சட்டைப்பையில் வைத்திருந்தேன். டெண்டர் தொகையை வைக்கிற அளவுக்கு எனக்குப் பை இருந்திருந்தால் வேறு வீடே வாங்கியிருப்பேன். இந்த முறை பாறை மேல்.

மூன்று மாதம் கழித்து வாசலில் ஒருவர் மஞ்சள் தொப்பி, ஒளிரும் சட்டை, முழங்கால் வரை காலணி எல்லாம் போட்டுக்கொண்டு தலைகுனிந்து நின்றார். நம் கொத்தனார்.

"என்னப்பா இது வேஷம்?"

"உங்க வேலைதாங்க. நீங்க கூப்பிட்டீங்கல்ல, அதே வேலை."

"யாரு அனுப்பினது?"

"பெரிய காண்ட்ராக்டர் ஒருத்தருக்குக் கொடுத்தாரு, அவரு அவரோட மச்சானுக்குக் கொடுத்தாரு, மச்சான் ஒரு கம்பெனிக்கு, கம்பெனி இன்னொரு கம்பெனிக்கு, அவங்க எங்க மேஸ்திரிக்கு, மேஸ்திரி எனக்கு."

"உனக்கு எவ்வளவு வருது?"

"நீங்க தரேன்னதைவிடக் கொஞ்சம் கம்மிதாங்க."

"அப்புறம் ஏன் ஒத்துக்கிட்டே?"

"தொப்பி கொடுத்தாங்க."

வந்தவர் முட்டுக் கொடுக்கக் குனிந்ததும் பாதுகாப்பு மேற்பார்வையாளர் ஓடிவந்து தடுத்தார். ஆணியின் உயரம் எக்காரணத்தாலும் மாறக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். சுவரை நாலு அங்குலம் தூக்கினால் ஊர் முழுவதும் ஒரே மதியத்தில் நாலு அங்குலம் இறங்கிவிடும், அதற்கு முன் மக்களுக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும், நீதிமன்றத்தைக் காலி செய்ய வேண்டும். ஆகவே சுவரை அசைக்காமல் சுவரைச் சரிசெய்ய வேண்டும். அது எப்படி என்று கொத்தனார் கேட்டார். அதற்கு ஒரு ஆலோசகர் வருவார் என்றார்கள். அன்றிலிருந்து கொத்தனார் காலை ஒன்பது மணிக்கு வந்து, கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்து, ஐந்து மணிக்குப் போகிறார். அவர் பாதுகாப்பாக உட்கார்ந்திருக்கிறாரா என்று மேற்பார்வையாளர் பார்த்துக்கொள்கிறார்.

இதுவரை சொன்னதையெல்லாம் உங்க அக்கா பொறுத்துக்கிட்டாங்க, மச்சான். அதுதான் உண்மை. அவங்க வீட்டை விட்டுப் போனது இதுக்காக இல்லை. நான் சொல்லத் தயங்கின இடத்துக்கு இப்ப வந்துட்டேன்.

காண்ட்ராக்டர் தாமதத்துக்கு இழப்பீடு கேட்டு மூன்று தொகுதிகள் சமர்ப்பித்தார். மழைக்கு ஒன்று, நிலத்தடிக் குழாய்களுக்கு ஒன்று, மூன்றாவது நம் வீட்டுக்கு. அதில் பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டில் ஓர் அட்டவணை: 'குடியிருப்பாளர் நீராடல் காரணமாகக் கிரேன் நின்ற நேரம்'. தேதி, மணி, நிமிடம். வீட்டுக்காரர் பார்த்து உறுதி செய்து கையெழுத்திட வேண்டும் என்று ஒரு குமாஸ்தா அதை வீட்டுக்கே கொண்டுவந்தார். உங்கள் அக்கா கடைக்குப் போயிருந்தார். நான் கையெழுத்துப் போட மறுத்திருக்க வேண்டும், இல்லை அந்தக் குமாஸ்தாவைத் துரத்தியிருக்க வேண்டும். எந்தக் கணவனும் செய்யக் கூடியது அதுதான். ஆனால் என் கண்ணில் பட்டது வேறு. எல்லா நாளுக்கும் இருபத்துமூன்று நிமிடம் என்று ஒரே எண்ணைப் போட்டு நிரப்பியிருந்தார்கள். முப்பத்துநான்கு ஆண்டுகளாக அந்தக் கதவுக்கு வெளியே துண்டோடு காத்து நின்றவன் நான், மச்சான். இருபத்துமூணு தப்பு. தலைக்குக் குளிச்சா நாப்பத்திரண்டு, இல்லேன்னா இருபத்தாறு, சராசரி முப்பத்தொண்ணு. என் கை தானாகச் சிவப்புப் பேனாவை எடுத்தது. அடித்தேன், மேலே முப்பத்தொன்று என்று எழுதினேன், ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டேன், பக்கம் முழுவதும், ஒரு வரி விடாமல். குமாஸ்தா கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் காண்ட்ராக்டரிடமிருந்து ஒரு நன்றிக் கடிதமும் ஒரு சுவர்க் கடிகாரமும் வந்தன. இழப்பீட்டுத் தொகை மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்ததாம். 'தங்கள் துணைவியாரின் நீராடல் நேரத்தைத் தாங்கள் துல்லியமாக உறுதிசெய்து தந்தமைக்கு' என்று தொடங்கியது கடிதம். அதைப் பிரித்தது உங்கள் அக்கா.

"இது என்னங்க?"

"நன்றிக் கடிதம்."

"முப்பத்தொண்ணுன்னு யாரு எழுதினது?"

"அவங்க இருபத்துமூணுன்னு தப்பாப் போட்டிருந்தாங்க."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் இந்தக் கடிதம் ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும். கடிதத்தை மடித்துக் கடிகாரத்தின் மேல் வைத்தார். "ஊர்ல எல்லாரும் நாலு அங்குலம் ஏறிட்டாங்களாம். நான் ஒருத்திதான் இறங்கியிருக்கேன்" என்றார். இரண்டு பைகளை எடுத்தார். கடைசியில் பின்பக்கம் போய் வாளியையும் எடுத்துக்கொண்டார். "அந்தக் கதவு என்னிக்குச் சாத்துதோ அன்னிக்கு வரேன்" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினார். கையில் வாளியைப் பார்த்ததும் கிரேன்காரர் பழக்கத்தில் மரியாதையாகத் திரும்பிக்கொண்டார். உங்கள் அக்கா பேருந்து ஏறும்வரை வேலை நின்றது. ஒன்பது நிமிடம். குறித்துவைக்கவில்லை, ஆனால் தெரியும்.

நான் எங்கே குளிக்கிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இந்தத் திட்டத்தின் ஒப்பந்தத்தை ஏதோ ஒரு குளிர் நாட்டு ஒப்பந்தத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அதனால் குழியின் ஓரத்தில் பனி அகற்றும் பணியாளர் ஒருவர் உண்டு. நம் ஊரில் பனிக்கட்டியை வாங்கத்தான் முடியும். அவர் தினமும் மண்வாரியோடு வானத்தைப் பார்த்துவிட்டு, 'பனி இல்லை' என்று பதிவேட்டில் எழுதுகிறார். இந்தத் திட்டத்தில் அன்றாட வேலையை அன்றன்றே முடிப்பவர் அவர் ஒருவர்தான். கையுறையைச் சூடாக்க அவருக்கு ஒரு கொட்டகையும் வெந்நீர்க் குழாயும் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் அக்கா போன பிறகுதான் அவர் பழக்கமானார். அந்தக் கொட்டகையின் கதவு நன்றாகச் சாத்துகிறது. நான் உள்ளே நின்றுகொண்டு அதைச் சாத்தும்போதெல்லாம் குற்ற உணர்வாக இருக்கிறது.

அந்தக் கொட்டகையில் உட்கார ஒரு முக்காலி இருந்தது. உற்றுப் பார்த்தால் அது முக்காலி இல்லை, ஒப்பந்தம். மூவாயிரத்து அறுநூற்று நாற்பது பக்கம். வேறு வேலை இல்லாததால் முதல் பக்கத்திலிருந்து படித்தேன். முப்பத்தெட்டு நாட்கள் ஆயின. இந்தத் திட்டத்தில் அதை முழுவதும் படித்தவன் நான் ஒருவன்தான் என்று பிறகு தெரிந்தது. பக்கம் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில், அடிப்படை ஆணி அடித்த சுவர் நம்பத்தகாதது என்று தெரிந்தால், தகுதியுள்ள வேறொரு சுவருக்கு அதை மாற்றலாம் என்று இருக்கிறது. மாற்றிவிட்டால் பழைய சுவரை அதன் சொந்தக்காரர் தூக்கலாம், இறக்கலாம், யாரும் கேட்க முடியாது. ஆறாவது மாடிக்கு ஓடினேன். மிச்சம் அந்தப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இப்படி ஒரு விதி இருக்கா சார்?"

"இருக்கு."

"யாரு போட்டது?"

"கீழ உங்க கையெழுத்துதான் இருக்கு."

ஆவன செய்வதாகச் சொல்லியிருக்கிறார். அவர் அப்படிச் சொல்வது இது பதினோராவது முறை.

ஆகவே, மைத்துனரே, உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் அக்கா நல்ல மனநிலையில் இருக்கும் நேரமாகப் பார்த்து, பிழை என்னுடையது என்று சொல்லுங்கள். பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டை நீக்கச் சொல்லி மனுக் கொடுத்தேன். சமர்ப்பித்த பக்கத்தை நீக்க முடியாது, திருத்தத்தான் முடியும் என்று பதில் வந்தது. திருத்தியதால் வந்த வினை என்பதால் நான் மேற்கொண்டு எதுவும் செய்யவில்லை. அந்தக் கடிகாரத்தைப் பனி அகற்றுபவருக்குக் கொடுத்துவிட்டேன் என்பதையும் சொல்லுங்கள். வீட்டில் ஒரு ஆளுக்குச் சமைத்து ஒரு ஆள் சாப்பிடுவது எவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்பதைச் சொல்ல வேண்டாம். அவரை உடனே அனுப்பிவையுங்கள் என்று கட்டாயப்படுத்தவும் இல்லை. உங்கள் வீட்டுக் குளியலறையின் கதவு ஒழுங்காகச் சாத்தும் காலம்வரை அவர் அங்கே நிம்மதியாக இருக்கட்டும். காத்திருப்பேன், இந்த ஊரில் இப்போது எல்லோருக்கும் அது பழகிவிட்டது.

உங்கள் பிள்ளைகள் நன்றாகப் படித்து, தெரிந்த வேலையைத் தாங்களே செய்யும் பெரியவர்களாக வளர என் ஆசிகள். கிரேன்காரர் அக்காவை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். அவருடைய வேலை இப்போது அட்டவணைப்படி நடக்கிறது. அதில் அவருக்கே ஒரு மாதிரி இருக்கிறதாம்.

இப்படிக்கு,
களிமண்ணில் நிற்கும்
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: மேலே கேட்டுக்கொண்டதையெல்லாம் அடித்துவிட்டதாகக் கொள்ளவும். கடிதத்தை உறையில் போட்டு உங்கள் முகவரியை எழுதிக்கொண்டிருந்தபோது மிச்சமே வீட்டுக்கு வந்துவிட்டார். ஆணியை மாற்ற மேலிடம் ஒப்புக்கொண்டதாம். புதிய சுவர் குழியிலிருந்து தொலைவில் இருக்க வேண்டும், பாறை மேல் நிற்க வேண்டும், துறைகளின் கையெழுத்துத் தேவைப்படாத தனியார் வீடாக இருக்க வேண்டும். "அப்படி ஏதாவது வீடு தெரியுமா சார்?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. உறை என் கையில் இருந்தது, அவர் படித்துக்கொண்டார். பாறையா என்று மட்டும் கேட்டார். கடப்பாரை வளையும் என்று நீங்கள் சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னேன். திங்கட்கிழமை நான்கு பேர் வருவார்கள். அவர்களுக்குப் பொதுவாகக் குளியலறைச் சுவர்தான் பிடிக்கும். உங்கள் ஒரு கையெழுத்துப் போதும். மறுப்பதானால், வீடு பாறை மேல் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள். அதன் நகலை எனக்கு அனுப்பவும். ஆணி அடித்த பிறகு அந்தச் சுவரில் எதையும் மாட்ட வேண்டாம். பாதையின் இரண்டாம் கட்டம் உங்கள் தெரு வழியாக வருகிறதாம், குழி உங்கள் பின்சந்தில். இங்கே சுரங்கம் நான்கு அங்குலம் அதிகமாகத் தோண்டப்பட்டுவிட்டதாகப் புதிய ஆணி காட்டும் என்பதால் அதைத் திரும்ப நிரப்ப டெண்டர் தயாராகிறது. முன் அனுபவம் உள்ள ஒருவர்தான் இருக்கிறார். உங்கள் வீட்டில் ஒவ்வொருவரும் குளிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தை இப்போதே சரியாகக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. தப்பாக இருந்தால் அது என் பார்வைக்கு வரும். கொத்தனார் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு முட்டுக் கொடுக்கத் தயாராக நிற்கிறார். செவ்வாய்க்கிழமை கதவு சாத்திவிடும். அக்கா புறப்படும்போது வாளியை மறந்துவிடாமல் பார்த்துக்கொள்ளவும்.